வீட்டுத் தேவைக்குப் பால் ஆடு வளர்ப்பது எப்படி? கறவையிலிருந்து தொடங்குவோம்

பால் ஆடு வளர்க்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த இனம் வாங்கலாம் என்பதைத்தான். அது அப்புறம். அதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை, தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், வருஷத்தில் பத்து மாதம், யார் கறக்கப் போகிறார்கள்? இறைச்சிக்கு வளர்க்கும் ஆட்டை மேய்த்துக் கொண்டுவந்து இருட்டும் நேரத்தில் எண்ணி அடைத்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. கறவை ஆட்டுக்கு அது போதாது. உங்களுக்குக் காய்ச்சல் அடித்தாலும் வீட்டில் விசேஷம் இருந்தாலும் மடி நிரம்பினால் கறந்தாக வேண்டும். அதனால் கறக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் இரண்டு பேராவது இருக்கட்டும்.

இதைச் சுமையாக மட்டும் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆட்டின் விலாவில் தோள் படும் அளவுக்குப் பக்கத்தில் உட்காருகிறீர்கள், மடியைத் தொடுகிறீர்கள், அது தின்பதைப் பார்க்கிறீர்கள், மூச்சைக் கேட்கிறீர்கள். தீவனம் சரியில்லை, சினைப்பருவத்துக்கு வந்திருக்கிறது, நோய் ஆரம்பிக்கிறது, எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் முதலில் தெரிவது கறக்கும்போதுதான். அந்த நேரத்தை ஒழுங்காக வைத்துக்கொள்கிறவருக்கு மற்ற வேலைகள் பாதி லேசாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

எத்தனை ஆடு, எப்படிப்பட்ட ஆடு

ஒற்றை ஆடு வேண்டாம். ஆடு கூட்டமாக வாழும் பிராணி, தனியாகக் கட்டினால் நாள் முழுக்கக் கத்தும், தீனி எடுக்காது, பாலும் குறையும். இரண்டு பெட்டை ஆடுகளோடு தொடங்குங்கள். நல்ல கறவை இன ஆடு கறவை உச்சத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும், வெப்பப் பகுதி இனங்கள் பல ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் கறக்கும். ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். இரண்டும் ஒரே சமயத்தில் சினையாகாமல் சில மாதம் தள்ளி ஈனும்படி பார்த்துக்கொண்டால் வருஷம் முழுக்கப் பால் இருக்கும். வெப்பப் பகுதி இனங்கள் எந்த மாதத்திலும் பருவத்துக்கு வரும் என்பதால் அவற்றில் இது சுலபம். சானன், ஆல்பைன், டோகன்பர்க் மாதிரி குளிர்நாட்டு இனங்கள் பகல் பொழுது குறையும் மாதங்களில்தான் பருவத்துக்கு வரும். அந்த இனங்களை வைத்திருப்பவர்கள் ஒரு ஆட்டை ஒரு வருஷம் சினைக்கு விடாமல் தொடர்ந்து கறந்து சமாளிக்கலாம், பால் கொஞ்சம் குறைந்தாலும் நிற்காது.

இனத்தைப் பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம். சானன் அதிகம் கறக்கும், கொழுப்பு கொஞ்சம் குறைவு, வெள்ளைத் தோல் என்பதால் கடும் வெயிலில் நிழல் கட்டாயம். ஆங்கிலோ நூபியன் குறைவாகக் கறந்தாலும் பால் கெட்டியாக இருக்கும், வெயிலையும் தாங்கும். ஜமுனாபாரி, பீட்டல் இரண்டும் உயரமான ஆடுகள், பார்பாரி சின்ன உடம்பு, கொஞ்ச இடத்திலும் கட்டி வளர்க்கலாம். உங்கள் வெயில், மழை, தீவனத்துக்குப் பழகிய ஆடுதான் நல்ல ஆடு. தூரத்திலிருந்து வரவழைத்த பேர்பெற்ற ஆட்டைவிட, கண்முன்னால் கறந்து காட்டப்படும் சாதாரண ஆடு எவ்வளவோ மேல்.

கறந்து காட்டச் சொல்வது முக்கியம். முடிந்தால் நீங்களே உட்கார்ந்து கறந்து பாருங்கள். நல்ல மடி கறப்பதற்கு முன் விம்மியிருக்கும், கறந்தபின் சுருங்கித் தோல் மடிப்பு விழும். கறந்த பிறகும் பெரிதாகவே இருந்தால் அது சதை மடி, அதில் பாலை எதிர்பார்க்க முடியாது. உள்ளே கட்டி தட்டுப்படக் கூடாது. காம்பு இரண்டுதான் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே அளவில் கீழ்நோக்கி, உங்கள் விரல்களுக்குள் அடங்கும்படி இருக்கட்டும். மடி தரையில் இடிக்கும் அளவுக்குத் தொங்கினால் வேண்டாம், முள் கிழிக்கும், காயம் வழியாக நோய் நுழையும். பல்லையும் பாருங்கள். ஆட்டுக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான், மொத்தம் எட்டு. அதில் நடு இரண்டு பெரிய பல்லாக முளைத்திருந்தால் ஒரு வயது தாண்டியது, நான்கு என்றால் ஏறக்குறைய இரண்டு வயது, எட்டும் முளைத்திருந்தால் நான்கு வயதுக்குப் பக்கம். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும்; வெளுத்திருந்தால் பெரும்பாலும் வயிற்றில் புழு. புருசெல்லா நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வாங்குங்கள். அது பால் வழியாக மனிதருக்கும் வரும் நோய், இதில் சங்கோஜமே படாதீர்கள். வாங்கி வந்த ஆட்டை ஒரு மாதம் போல மற்ற ஆடுகளோடு சேர்க்காமல் தள்ளிக் கட்டி வையுங்கள்.

கொட்டகை

ஆட்டுக்குக் குளிரைவிட ஈரம்தான் எதிரி. தரை காய்ந்திருக்க வேண்டும், மழைச்சாரல் உள்ளே வரக் கூடாது, ஆனால் காற்றும் அடைபடக் கூடாது. உள்ளே நுழைந்ததும் மூத்திர நெடி உங்கள் கண்ணைக் கரிக்கிறது என்றால் ஆட்டின் நுரையீரலை அது இன்னும் மோசமாகத் தாக்கும். பெரிய ஆடு ஒன்றுக்கு உள்ளே ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர், வெளியே திறந்தவெளி அதைப்போல் இரண்டு மடங்காவது. மழை அதிகம் உள்ள இடமென்றால் தரைக்கு மேலே உயர்த்திய பலகைத் தளம், அதாவது பரண், போட்டுவிடுவது நல்லது. பலகைகளுக்கு நடுவில் புழுக்கை விழும் அளவுக்கு, ஒன்றரை சென்டிமீட்டர் போல, இடைவெளி விட்டால் போதும். அதற்கு மேல் விட்டால் குட்டியின் கால் மாட்டும்.

தீவனத் தொட்டி, தலை மட்டும் நுழையும்படி இருக்கட்டும். ஆடு காலால் மிதித்த தழையைத் திரும்பத் தொடாது, பசியோடு இருந்தாலும் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். கறப்பதற்கென்று தனியாக ஒரு மூலை, அதில் 40 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மேடை, முன்னால் தலையை நுழைத்து நிற்க ஒரு சட்டம், அதற்கு முன்னால் தீவனக் கிண்ணம். ஒரு பலகையும் நாலு கட்டையும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம், உங்கள் முதுகு காலத்துக்கும் நன்றி சொல்லும்.

தீவனம்

மாடு மாதிரி குனிந்து மேயும் பிராணி அல்ல ஆடு, தலையைத் தூக்கித் தழையைக் கடிக்கும் பிராணி. புதரும் மரத்தழையும் அதற்குப் பிடிக்கும், உடம்புக்கும் நல்லது. வயிற்றுப் புழுவின் குஞ்சுகள் தரையை ஒட்டிய புல்லில்தான் இருக்கும், உயரத்தில் தின்கிற ஆட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. அகத்தி, வேலிமசால், குதிரைமசால், முருங்கைத் தழை எல்லாம் புரதம் நிறைந்தவை. சூபாபுல் நல்ல தழைதான், ஆனால் அதில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவைக் கணக்குப் போட ஒரு எளிய வழி இருக்கிறது. கறவை ஆடு தன் எடையில் நான்கிலிருந்து ஐந்து சதவீதம் வரை, ஈரத்தைக் கழித்துவிட்டு உலர்ந்த எடையில், தினமும் தின்னும். 40 கிலோ ஆடு என்றால் ஏறக்குறைய 2 கிலோ. பசுந்தழையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், ஆகவே 5 கிலோ பசுந்தழை, அரைக் கிலோ காய்ந்த தீவனம், அதோடு அரைக் கிலோ அடர்தீவனம் என்று வைத்தால் கணக்கு சரியாக வரும். கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 300 முதல் 400 கிராம் அடர்தீவனம் என்பது பொதுவான அளவு. தானியம், பிண்ணாக்கு, தவிடு மூன்றும் அதில் கலந்திருக்க வேண்டும். வெறும் தானியத்தைக் கொட்டுவது தவறு.

தானியத்தைப் பற்றி இன்னும் ஒன்று. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்த் தானிய மூட்டையில் வாயை வைத்தால் சில மணி நேரத்தில் வயிற்றில் அமிலம் ஏறி, படுத்துக் கழிந்து, மருத்துவம் கிடைக்காவிட்டால் செத்தே போகும். மூட்டையைக் கதவு, தாழ்ப்பாள் போட்ட அறையில் வையுங்கள், தாழ்ப்பாளையும் ஆடு திறக்க முடியாததாகப் பாருங்கள், அதன் உதடுகள் விரல் மாதிரி வேலை செய்யும். எந்தப் புதுத் தீவனமானாலும் பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் பழக அவ்வளவு நாள் வேண்டும். பனி ஈரத்தோடு இருக்கும் பயறுவகைத் தழையை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். முதலில் கொஞ்சம் காய்ந்த தீவனம் தின்னட்டும்.

நச்சுச் செடிகளில் அரளி மிக மோசம், சில இலைகளே போதும். இளம் சோளப்பயிரிலும் வாடிய மரவள்ளித் தழையிலும் சயனைடு உண்டாகும், அதிலும் வறட்சியில் வாடித் துளிர்த்த சோளம் ரொம்ப ஆபத்து.

தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். பாலில் 87 சதவீதம் தண்ணீர், குடிக்காத ஆடு எதைக் கறக்கும்? வெயில் காலத்தில் கறவை ஆடு எட்டுப் பத்து லிட்டர்கூடக் குடிக்கும், ஆனால் தொட்டியில் ஒரு புழுக்கை மிதந்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். தினமும் தொட்டியைக் கழுவி மாற்றுங்கள். தாது உப்பு எப்போதும் நக்கக் கிடைக்க வேண்டும், அதுவும் வெள்ளாட்டுக்கென்று செய்தது. செம்மறிக்குத் தாமிரம் அதிகமானால் விஷம் என்பதால் செம்மறிக் கலவையில் அதைச் சேர்க்க மாட்டார்கள், வெள்ளாட்டுக்கோ தாமிரம் அவசியம்.

கறப்பது

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பது ஆட்டுக்கு இன்னும் பொருந்தும். பயந்த ஆடு பாலை இறக்காது; அடித்தாலோ அதட்டினாலோ சுரப்பு நின்றுவிடும். அதே நேரம், அதே ஆள், அதே மேடை என்று பழக்குங்கள். முதல் தடவை ஈனப்போகும் ஆட்டை, சினையாக இருக்கும்போதே தினமும் மேடையில் ஏற்றித் தீவனம் வைத்து மடியைத் தடவிப் பழக்கியிருந்தால் முதல் நாள் போராட்டம் இருக்காது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நகம் வெட்டியிருக்க வேண்டும். மடியையும் காம்பையும் சுத்தமான ஈரத்துணியால் துடைத்து, அப்புறம் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு ஆட்டுக்கு ஒரு துணி. ஈரத்தோடு கறந்தால் அழுக்குத் தண்ணீர் பாத்திரத்தில் சொட்டும். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சைக் கறுப்புக் கிண்ணத்தில் தனியாகப் பீச்சிப் பாருங்கள். திரி, கட்டி, இரத்தம், தண்ணீர் மாதிரி நிறம், இதில் எது இருந்தாலும் மடிநோய் தொடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அந்த ஆட்டைக் கடைசியில் கறங்கள், அந்தப் பாலை வீட்டுக்கு எடுக்காதீர்கள்.

இனி கறக்கும் விதம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து காம்பின் மேல்பக்கத்தை அடைக்க வேண்டும், பால் திரும்ப மேலே ஏறாதபடி. அடைத்த பிறகு நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று வரிசையாக மடக்கினால் காம்பில் இருக்கும் பால் கீழே வரும். விட்டுவிடுங்கள், காம்பு மறுபடி நிரம்பும், திரும்ப அடையுங்கள். இழுக்கவே கூடாது; காம்பைப் பிடித்து இழுத்துக் கறப்பதும், கட்டை விரலை மடக்கி அழுத்துவதும் உள்தசையைக் காயப்படுத்தும், மடிநோய்க்கு வழிவிடும். முதல் வாரம் உங்கள் முன்கை வலிக்கும், அது சரியாகிவிடும். பால் குறைந்ததும் குட்டி முட்டுவது போல மடியை மெல்ல மேலே தள்ளித் தடவினால் மிச்சமும் இறங்கும். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி எடுங்கள். உடனே படுக்க விடாதீர்கள். காம்புத் துவாரம் மூடிக்கொள்ள அரை மணி நேரம் ஆகும், அதற்குள் தரையில் மடி பட்டால் கிருமி உள்ளே போகும். தொட்டியில் புதுத் தழை போட்டுவிட்டால் தானாகவே நின்று தின்னும்.

எவ்வளவு கறந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், தினமும். கறவை ஈன்ற ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய் அப்புறம் மெல்ல இறங்கும், அது இயல்பு. திடீரென்று ஒரு வேளை கால் பங்கு குறைந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது: தண்ணீர் குடித்ததா, தீவனம் மாறியதா, பருவத்துக்கு வந்ததா, காய்ச்சலா? வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை சரி, அதைத் தாண்டினால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஊசி போட்டால் எத்தனை நாள் பாலைக் குடிக்கக் கூடாது என்று கட்டாயம் கேட்டு அதையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

சினையும் ஈற்றும்

பருவம் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு முறை வரும், ஒன்று ஒன்றரை நாள் இருக்கும். வாலை விடாமல் ஆட்டுவது, கத்துவது, பின்பக்கம் சிவந்து வீங்குவது, பால் குறைவது எல்லாம் அடையாளம். இளம் பெட்டையை வயதைப் பார்த்துச் சேர்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். அந்த இனத்தில் வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது வந்திருக்க வேண்டும். இரண்டு ஆட்டுக்காக ஒரு கிடா வளர்ப்பது வீண் செலவு, பருவகாலத்தில் அதன் நாற்றம் பாலில்கூட ஏறும். நல்ல கறவைத் தாய்க்குப் பிறந்த கிடாவிடம் ஓட்டிப்போய்ச் சேர்த்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் செயற்கைக் கருவூட்டல் செய்யுங்கள்.

சினைக்காலம் 150 நாள். அதில் கடைசி இரண்டு மாதம் கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஈற்றில் பால் குறையும். அடர்தீவனத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, வேளையையும் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் வற்ற விடுங்கள். கடைசி ஒன்றரை மாதத்தில் குட்டிகள் வேகமாக வளரும், வயிற்றில் தீனிக்கு இடம் குறையும். இரட்டை மூன்று குட்டி சுமக்கும் ஆடு அப்போது தீனியைக் குறைத்துக்கொண்டு சோர்ந்து நின்றால், மூச்சில் இனிப்பு வாடை அடித்தால், ஒரு நாள்கூடத் தள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் நல்ல தழையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிய அடர்தீவனமும் வேண்டும். ஈற்றுக்கு ஒரு மாதம் முன்னால் துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) தடுப்பூசி போட்டால் எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போகும்.

குட்டி போடும்போது பெரும்பாலும் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். முன்னங்கால் இரண்டும், அதன்மேல் மூக்கும் வருவது சரியான நிலை. பின்னங்கால் இரண்டும் முதலில் வந்தாலும் பிரச்சினை இல்லை. அரை மணி நேரம் பலமாக முக்கியும் எதுவும் வரவில்லை என்றால் உதவி தேவை. குட்டியின் மூக்கு, வாயில் உள்ள சளியைத் துடைத்துவிட்டுத் தாயிடம் விடுங்கள், அது நக்கட்டும். தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் முக்குங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும், ஒரு நாளைக்குள் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு, 3 கிலோ குட்டிக்கு 300 மில்லி. ஒரு நாள் தாண்டினால் குடலால் அந்த எதிர்ப்புச் சக்தியை உறிஞ்ச முடியாது, அப்புறம் எவ்வளவு கொடுத்தும் பயன் இல்லை. நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் தானாக விழும், பிடித்து இழுக்காதீர்கள்.

முதல் நாலைந்து நாள் பால் முழுக்கக் குட்டிகளுக்குத்தான். அப்புறம் எப்படிப் பங்கு போடுவது? சின்னக் குடும்பத்துக்கு எனக்குப் பிடித்த வழி: இரண்டு மூன்று வாரம் குட்டி தாயோடு இருக்கட்டும், அதற்குப் பிறகு ராத்திரி மட்டும் பிரித்து அடைத்து, காலைப் பாலை வீட்டுக்குக் கறந்துகொண்டு, பகலில் குட்டியை விடுங்கள். பால் குறைவாகக் கிடைக்கும், ஆனால் ஒரு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தால் பிரிக்காமல் விட்டுவிட்டுப் போகலாம். கறவை அவசரமாகத் தேவை என்பவர்கள் புட்டிப்பால் பழக்கலாம். எந்த வழியானாலும் இரண்டாவது வாரத்தில் இருந்து இளம் தழையும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும், பிறந்த எடையைப்போல் இரண்டரை மடங்கு ஆகி நன்றாகத் தின்னும்போது பாலை மறக்கடிக்கலாம். மூன்று வாரத்துக்கு மேல் இரத்தக் கழிச்சல் வரும் பருவம், ஈரத் தரைதான் அதன் வீடு. கிடாக் குட்டிகளை மூன்று மாதத்துக்குள் பிரித்துவிடுங்கள், தாயையும் தங்கையையும் சினையாக்கிவிடும் வயது அது.

புழுவும் குளம்பும்

மாதம் ஒரு முறை எல்லா ஆட்டுக்கும் குடற்புழு மருந்து ஊற்றுவது பல இடங்களில் பழக்கம். நிறுத்துங்கள். அப்படிச் செய்தால் மருந்துக்குச் சாகாத புழுக்கள்தான் மிஞ்சும். இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுவைக் கண்டுபிடிக்கக் கண் இமையின் நிறமே போதும். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையில் ஒன்று முதல் ஐந்து வரை நிறம் இருக்கும், வெளுத்துப்போன ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுங்கள். அளவை மருத்துவரிடம் கேளுங்கள், செம்மறிக்கு எழுதிய அளவு பல மருந்துகளில் வெள்ளாட்டுக்குப் போதாது. குளம்பை ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை மேடையிலேயே நிறுத்திச் சீவிவிடுங்கள். ஆட்டுக்கொல்லி, கோமாரி தடுப்பூசிகள் உங்கள் பகுதிக்குத் தேவையா என்றும் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

பால் வீட்டுக்கு வந்தபின்

ஆட்டுப்பால் கவிச்சி அடிக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சுத்தமில்லாமல் கறந்த பாலையோ, கறந்து நேரமான பாலையோதான் குடித்திருப்பார்கள். கறந்ததும் வடிகட்டி, உடனே காய்ச்சுங்கள், இல்லை பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றிக் குளிர்பெட்டியில் 4 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். பொங்கக் காய்ச்சுவது போதும், தயிர், பாலாடைக்கட்டி செய்ய மென்மையான சூடு வேண்டும் என்றால் 63 டிகிரியில் 30 நிமிஷம் வைத்தால் கிருமிகள் சாகும். கொழுப்புத் துளிகள் மிகச் சிறியவை என்பதால் ஆடை சீக்கிரம் படியாது, அதைப் பார்த்துப் பாலில் சத்தில்லை என்று நினைக்காதீர்கள்.

ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பால் கொடுக்கக் கூடாது. அதில் ஃபோலேட் மிகக் குறைவு, அதை மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு இரத்தசோகை வரும். மாட்டுப்பால் புரதம் ஒவ்வாத பலருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது, லாக்டோஸும் ஏறக்குறைய அதே அளவுதான்; வீட்டில் அப்படி யாராவது இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.